வாசகர் கேள்வி: ஆந்தையைத் தேரையாக்கும் கோப்புகள்

உயிரினப் பட்டியல்களை இணைக்கும்போது பெயர்கள் மோதிக்கொள்வது பற்றி இம்முறை நிறையக் கடிதங்கள். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் தாவரவியல் துறையில் இரண்டு எக்செல் கோப்புகள் உள்ளன. ஒன்று ஹெர்பேரியத் தாள்களை (செடிகளை உலர்த்தி ஒட்டிய தாள்கள்) பார்த்து 1990களில் ஏற்றியது, 2,140 வரிகள். மற்றது புதிய கள ஆய்வு, 1,365 வரிகள். இரண்டையும் ஒட்டியதும் துளசி இரண்டு சிற்றினமாகவும் வெட்டிவேர் இரண்டு சிற்றினமாகவும் நிற்கின்றன. பார்க்கப் பார்க்கத் திருத்திக்கொண்டே போகலாமா? – வாசகி, திண்டுக்கல்

பதில்: போகாதீர்கள். முதல் வேலை திருத்துவதல்ல, பூட்டுவது. தாளில் உள்ளபடி வந்த பெயர்ப் பத்தியை அப்படியே நகலெடுத்து 'மூலத்தில் உள்ளபடி' என்று தலைப்பிட்டு, இனி யாரும் தொடாதபடி பாதுகாத்துவிடுங்கள். எழுத்துப்பிழை இருந்தாலும் அது அங்கேயே இருக்கட்டும். எல்லா வேலையும் அதற்குப் பக்கத்தில் புதிய பத்திகளில்தான் நடக்க வேண்டும். இணைப்பு வேலை கெட்டுப்போன இடங்களைப் பார்த்தால் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: நல்லெண்ணத்தில் யாரோ பழைய பெயரின் மேலேயே புதிய பெயரை அடித்திருப்பார்கள். அதன்பின் எது தாளில் இருந்தது, எது திருத்தியவரின் கருத்து என்று பிரிக்கவே முடியாது.

உங்கள் இரண்டு எடுத்துக்காட்டுகளும் ஒரே மாதிரி தோன்றினாலும் வேறு வேறு நோய். துளசிக்கான இரு பெயர்களையும் வைத்தவர் லின்னேயஸ்தான். ஆசிமம் டெனுயிஃப்ளோரம் 1753இல், ஆசிமம் சாங்டம் 1767இல். இரண்டும் ஒரே செடி என்று வகைப்பாட்டாளர்கள் முடிவு செய்ததால் முந்திய பெயர் நின்றது. இது கருத்தைப் பொறுத்தது. நாளை ஒருவர் இரண்டும் வேறு என்று வாதிட இடமுண்டு. வெட்டிவேர் அப்படியல்ல. வெட்டிவேரியா என்ற பேரினத்தைக் கிரைசோபோகனுக்குள் சேர்த்தார்கள்; ஜிஜானியாய்டிஸ் என்ற பின்பாதி மாறவில்லை. இரண்டு பெயரும் ஒரே வகைமாதிரியை (பெயருக்கு ஆதாரமான மாதிரியை) சுட்டுவதால் எவர் எப்படிப் பிரித்தாலும் அவை பிரியாது. இந்த இரண்டாம் வகையைக் கணினியிடம் ஓரளவு நம்பி விடலாம். முதல் வகைக்கு எந்தப் பட்டியல் சொன்னது என்ற குறிப்பு இல்லாமல் இணைக்கக் கூடாது.

இனி வரிசை. முதலில் ஒவ்வொரு பெயரையும் துண்டாக்க வேண்டும்: பேரினம், சிற்றினம், உட்படிநிலை (துணைச்சிற்றினம் போன்றவை), ஆசிரியர் (பெயரை வைத்தவர்), ஆண்டு. எக்செல் சூத்திரத்தால் முதல் இரண்டு சொல்லை வெட்டி எடுப்பது பலரின் வழக்கம். அது மூன்று இடத்தில் கவிழும். 'ஏடிஸ் (ஸ்டெகோமையா) எஜிப்டி' என்று துணைப்பேரினம் அடைப்புக்குறியில் இருந்தால் கொசு தன் சிற்றினத்தையே இழந்துவிடும். வாழையின் 'மூசா × பாரடிசியாகா'வில் பெருக்கல் குறி இரண்டாம் சொல்லாகிவிடும். ஐயத்தைக் குறிக்கும் 'சிஎஃப்.' நடுவில் இருந்தால் அதுவே சிற்றினப் பெயராகிவிடும். இதற்கென்றே எழுதப்பட்ட ஜிஎன்பார்சர் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஆசிரியர் நீங்கிய எளிய வடிவம், உட்படிநிலைக் குறியோடு கூடிய முழு வடிவம், சிற்றினப் பெயரின் ஈறு (-அஸ், -அ போன்ற முடிவு) நீக்கிய வடிவம் என மூன்றையும் தனித்தனியே தரும். மூன்றையும் சேமித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, ஆசிரியர் பெயர்களை ஒரே சுருக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும். பழைய இந்தியத் தாவர நூல்களில் வைட், ஆர்னட் இருவரையும் 'டபிள்யூ. & ஏ.' என்றே போட்டிருப்பார்கள்; இன்றைய வழக்கு 'வைட் & ஆர்ன்.'. லின்னேயஸ் 'எல்.' ஆகவும் 'லின்.' ஆகவும் வருவார். ஆசிரியரைத் தூக்கி எறிந்துவிட்டுப் பெயரை மட்டும் ஒப்பிடலாமே என்று தோன்றும். அஸ்ட்ராகாலஸ் ரைசாந்தஸைப் பாருங்கள்: 1835இல் அந்தப் பெயர் ஒரு செடிக்கு வைக்கப்பட்டுவிட்டது, 1843இல் புவாசியே அதே பெயரை வேறொரு செடிக்கு வைத்தார். எழுத்தில் வேறுபாடு இல்லை. ஆசிரியர் இல்லாவிட்டால் இரண்டு செடிகள் ஒன்றாகிவிடும்.

அதன்பிறகே பொருத்தம். பெயரும் ஆசிரியரும் அச்சு அசலாகப் பொருந்தும் வரிகள் தாமாகச் சேரட்டும். பெயர் பொருந்தி ஆசிரியர் பொருந்தாதவை ஒரு குவியல், பெயரே சற்று மாறியவை ஒரு குவியல், எதுவுமே கிடைக்காதவை ஒரு குவியல். இந்த மூன்றையும் கண்ணால் பார்க்க வேண்டும். ஐயம் தீராதவற்றுக்குத் தாளைத்தான் எடுத்துப் பார்க்க வேண்டும். அதற்காகத்தானே தாள் வைத்திருக்கிறோம்.

கேள்வி: பேரினம் மாறியவற்றுக்கு 'ஃபைண்ட் – ரிப்ளேஸ்' போதாதா? அகேசியாவை எல்லாம் வாச்செல்லியா என்று மாற்றிவிட்டேன். – வாசகர், இராமநாதபுரம்

பதில்: உடனே பின்வாங்குங்கள். 2005இல் வியன்னாவில் கூடிய தாவரவியல் மாநாடு அகேசியா என்ற பெயரை ஆஸ்திரேலியக் கூட்டத்துக்கு ஒதுக்கியது. 2011இல் மெல்பர்னில் அது உறுதியானது. அதனால் கருவேலம் வாச்செல்லியா நிலோடிகா ஆனது, வெள்வேலமும் வாச்செல்லியாவுக்குப் போனது. ஆனால் கருங்காலி (கேட்டச்சு) போனது செனகாலியாவுக்கு. சாலையோரம் நட்ட ஆஸ்திரேலிய மரமான ஆரிகுலிஃபார்மிஸ் இன்றும் அகேசியாதான். ஒரே பேரினம் பலவாகச் சிதறிய இடத்தில் ஒரே அடியில் மாற்றினால், உலகில் யாரும் வெளியிடாத புதுப்பெயர்கள் உங்கள் கோப்பில் பிறக்கும்.

உங்கள் மாவட்டத்துக்கே உரிய இன்னொன்று: சீமைக்கருவேலம் ப்ரோசோபிஸிலிருந்து நெல்டுமாவுக்குப் போய்விட்டது (2022), வன்னி ப்ரோசோபிஸிலேயே இருக்கிறது. ஆவாரை காசியாவிலிருந்து சென்னாவுக்குப் போனது, சரக்கொன்றை காசியாவிலேயே நிற்கிறது. மாற்றம் எப்போதும் சிற்றினம் சிற்றினமாகத்தான். பழைய முழுப்பெயர், புதிய முழுப்பெயர், ஆதாரம் என்று மூன்று பத்தி உள்ள ஒரு அட்டவணை வைத்து, அதன் வழியாக மட்டும் மாற்றுங்கள்.

கேள்வி: உண்ணிக்கொக்குக்கு எங்கள் பறவைக் கணக்கெடுப்புக் கோப்புகளில் மூன்று பெயர்கள் இருக்கின்றன: புபுல்கஸ் ஐபிஸ், புபுல்கஸ் கொரமாண்டஸ், ஆர்டியா கொரமாண்டா. எது இணைப்பெயர் (ஏற்கப்பட்ட பெயருக்கு மாற்றாக வழங்கும் வேறு பெயர்), எது சரியான பெயர்? – வாசகர், வேதாரண்யம்

பதில்: மூன்றுமே அவரவர் காலத்துக்குச் சரி. சிக்கல் பெயரில் மட்டும் இல்லை, பெயர் எவ்வளவு பரப்பை மூடுகிறது என்பதில் இருக்கிறது.

முன்பு உலகம் முழுவதும் ஒரே சிற்றினம், ஐபிஸ். பிறகு மேற்கத்தியது ஐபிஸ், இந்தியா முதல் கிழக்கே உள்ளது கொரமாண்டஸ் என்று பிரித்தார்கள். ஈபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளம் பயன்படுத்தும் கிளெமென்ட்ஸ் பட்டியல் 2023இல் இதை ஏற்றது. அதன்பின் இரண்டையும் ஆர்டியா பேரினத்தில் சேர்த்தார்கள். புபுல்கஸ் லத்தீனில் ஆண்பால், ஆர்டியா பெண்பால். அதனால் கொரமாண்டஸ் கொரமாண்டா ஆனது. 1783இல் போடேர்ட் அந்தப் பெயரைச் சோழமண்டலக் கரையை வைத்துத்தான் இட்டார், கான்க்ரோமா என்ற பேரினத்தில், பெண்பால் ஈற்றோடு. அப்படிப் பார்த்தால் கொரமாண்டா இப்போது பழைய ஈற்றுக்கே திரும்பியிருக்கிறது.

இதில் கொரமாண்டஸ் – கொரமாண்டா இணைப்பு எளிது. ஈறு நீக்கிய வடிவம், ஆசிரியர், ஆண்டு மூன்றும் பொருந்தும். வல்லூறும் இப்படித்தான்: 2024இல் ஆக்சிபிட்டர் பேடியஸ், டாக்கிஸ்பைசா பேடியா ஆனது.

ஐபிஸ்தான் ஆபத்து. 'புபுல்கஸ் ஐபிஸ் = ஆர்டியா ஐபிஸ்' என்று ஒரு வரி எழுதினால் கணினி ஒப்புக்கொள்ளும், பெயரளவில் அது உண்மையும்கூட. ஆனால் உங்கள் 2005ஆம் ஆண்டுப் பதிவில் உள்ள ஐபிஸ் அகன்ற பொருளில் எழுதியது. இன்றைய ஐபிஸ் குறுகிய பொருள். அந்த வரியை நம்பினால் வேதாரண்யத்துக் கொக்கெல்லாம் ஆப்பிரிக்கக் கொக்காகிவிடும். எனவே பிரிந்த பெயர்களுக்குப் பெயரை வைத்துப் பாலம் போடாமல் இடத்தை வைத்துப் போடுங்கள். தமிழ்நாட்டுப் பதிவானால் கொரமாண்டா. இரண்டும் வரக்கூடிய பகுதியின் பதிவானால் எதற்கும் மாற்றாமல் 'ஐபிஸ், அகன்ற பொருள்' என்று விட்டுவிடுங்கள். நீலத்தாழைக்கோழிக்கும் இதே விதி: பழைய போர்ஃபிரியோ போர்ஃபிரியோ நம் ஊர்ப் பதிவுகளில் இன்று போர்ஃபிரியோ போலியோசெஃபாலஸ்.

இதைக் கோப்பில் எழுத, இரு பட்டியல்களின் சிற்றினங்களுக்கு இடையே ஐந்து உறவுகளில் ஒன்றைக் குறிக்கலாம்: சமம், உள்ளடக்குகிறது, உள்ளடங்குகிறது, ஓரளவு ஒன்றன்மேல் ஒன்று படிகிறது, தொடர்பில்லை. பழைய ஐபிஸ் இன்றைய கொரமாண்டாவை 'உள்ளடக்குகிறது'. 'சமம்' என்று குறித்தவற்றை மட்டும் தானியங்கியாக மாற்றுங்கள்.

ஒரு சிறு செய்தி, அடைப்புக்குறி பற்றி. விலங்கியலில் ஆசிரியரும் ஆண்டும் அடைப்புக்குறிக்குள் இருந்தால், அவர் முதலில் வேறொரு பேரினத்தில் பெயரிட்டார் என்று பொருள். லின்னேயஸ் 1758இல் வைத்த பெயரே ஆர்டியா ஐபிஸ்தான். புபுல்கஸில் இருந்தவரை அடைப்புக்குறி இருந்தது, இப்போது போய்விட்டது. அடைப்புக்குறி வேறுபட்டால் வேறு பெயர் என்று நினைக்கும் நிரல் இங்கே தடுக்கி விழும்.

கேள்வி: அத்தி மரங்களின் பட்டியலில் கடல் நத்தை வந்துவிட்டது. நிரலில் பிழையா? – மாணவர், திருச்சி

பதில்: நிரலில் இல்லை, விதியில். தாவரங்களுக்கு ஒரு பெயரீட்டு விதித்தொகுப்பு, விலங்குகளுக்கு வேறொன்று. ஒன்று மற்றதைக் கண்டுகொள்வதில்லை. ஃபைகஸ் வேரிகாடா என்று 1798இல் ரோடிங் பெயரிட்ட நத்தையும் உண்டு, பிளூம் பெயரிட்ட அத்தி மரமும் உண்டு. இரண்டும் முறையான பெயர்களே. மோரஸ் என்றால் முசுக்கொட்டையும் உண்டு, கேனட் என்ற கடற்பறவையும் உண்டு. ஒப்பிடும் முன் 'உலகம்' என்ற பத்தியை – தாவரம், விலங்கு, பூஞ்சை – கட்டாயமாக நிரப்புங்கள். பொதுச் சேவைகளுக்குப் பெயரை அனுப்பும்போதும் அதைச் சேர்த்தே அனுப்புங்கள்.

கேள்வி: எழுத்துப்பிழைகளைப் பிடிக்க 'ஃபஸி மேட்சிங்' (எழுத்து சற்று வேறுபட்டாலும் பொருத்தும் முறை) பயன்படுத்துகிறோம். இரண்டு எழுத்து வரை வேறுபட்டால் ஒன்றாகக் கொள்ளலாம் என்று வைத்திருக்கிறோம். போதுமா? – வாசகி, கோவை

பதில்: அதிகம். பூபோ பூபோ என்பது ஐரோப்பியக் கொம்பன் ஆந்தை, பூஃபோ பூஃபோ என்பது ஐரோப்பியத் தேரை. ரோமன் எழுத்தில் பேரினத்தில் ஓர் எழுத்து, சிற்றினத்தில் ஓர் எழுத்து, ஆக இரண்டே எழுத்து வேறுபாடு. இரண்டுக்கும் ஆசிரியர் லின்னேயஸ், இரண்டுக்கும் ஆண்டு 1758, இரண்டுமே விலங்கு. ஆசிரியர், ஆண்டு, உலகம் என்று நாம் போட்ட காவல் எல்லாவற்றையும் தாண்டி வந்துவிடும். பிடிப்பது வகுப்பு ஒன்றுதான்: ஒன்று பறவை, மற்றது இருவாழ்வி. எனவே ஃபஸி பொருத்தத்துக்கு வகுப்பையோ குடும்பத்தையோ உடன் ஒப்பிடாமல் அனுமதி கொடுக்காதீர்கள். பேரினம் அச்சாகப் பொருந்த வேண்டும், சிற்றினத்தில் மட்டும் ஓரெழுத்து வரை என்பது பாதுகாப்பான அளவு. அதுவும் பரிந்துரையாக மட்டும். சரி என்று அழுத்துவது மனிதராக இருக்கட்டும்.

எழுத்துக்கூட்டை மொத்தமாக 'சீராக்கும்' ஆசையும் வேண்டாம். ஆலமரத்தின் ஃபைகஸ் பெங்காலென்சிஸிலும் பனங்காடையின் கொராசியாஸ் பெங்காலென்சிஸிலும் 'ஜி'க்குப் பின் 'எச்' உண்டு. வெண்முதுகுப் பாறுவின் ஜிப்ஸ் பெங்காலென்சிஸில் அந்த 'எச்' கிடையாது. முதலில் வெளியிட்டவர்கள் அப்படி அப்படி எழுதினார்கள்; விதி அதைக் காக்கிறது. ஆலமரத்துக்கு 'எச்' விட்டு எழுதுவது பிழை, பாறுவுக்கு 'எச்' சேர்ப்பது பிழை.

தரவைச் சீராக்கும் மென்பொருளான ஓப்பன்ரிஃபைனில் கிளஸ்டர் (ஒத்த பெயர்களைக் கூட்டமாக்குதல்) போடுவோருக்கு ஓர் எச்சரிக்கை: 'ஃபிங்கர்பிரிண்ட்' முறை ஒரே சொல் இருமுறை வந்தால் ஒன்றை நீக்கிவிடும். நல்ல பாம்பின் 'நாஜா நாஜா' வெறும் 'நாஜா' ஆகி, பேரினம் வரை மட்டுமே அடையாளம் கண்ட பதிவுகளோடு ஒரே கூட்டத்தில் நிற்கும். 'மெர்ஜ்' அழுத்தினால் எந்த நாகம் என்று தெரியாத பதிவுகளெல்லாம் நல்ல பாம்பாகிவிடும்.

ஈறு நீக்கிய வடிவத்தையும் ஆசிரியரையும் மட்டும் வைத்து இணைப்பெயர் தேடும் நிரல் ஒன்றை வேறொரு வாசகர் அனுப்பியிருந்தார். நல்ல முயற்சி, ஆனால் குடும்ப எல்லை போடவில்லை. மாவின் மாஞ்சிஃபெரா இண்டிகாவும் புளியின் டாமரிண்டஸ் இண்டிகாவும் லின்னேயஸ் வைத்தவை. அந்த நிரலை ஓட்டினால் மாங்காய்க்குப் புளிப்பு எங்கிருந்து வந்தது என்பதற்குக் காரணம் கிடைத்துவிடும்.

கேள்வி: கற்பூரவல்லி வரியில் எங்கள் நிரல் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. – வாசகர், மதுரை

பதில்: ஒரு பட்டியல் கோலியஸ் அம்போய்னிகஸ் என்பது பிளெக்ட்ராந்தஸ் அம்போய்னிகஸின் இணைப்பெயர் என்கிறது. புதிய பட்டியல் அதையே திருப்பிச் சொல்கிறது. இரண்டையும் ஒரே அட்டவணையில் கொட்டினால் அ என்பது ஆ, ஆ என்பது அ. லூரெய்ரோ 1790இல் கோலியஸ் என்றுதான் வைத்தார். நெடுங்காலம் பிளெக்ட்ராந்தஸில் அடைபட்டிருந்த கோலியஸ் பேரினத்தை அண்மையில் மீட்டிருக்கிறார்கள். இணைப்பெயர் வரி ஒவ்வொன்றிலும் 'எந்தப் பட்டியல்படி' என்ற பத்தியைச் சேர்த்து, ஒரு தேடலில் ஒரே பட்டியலின் வரிகளை மட்டும் பின்தொடரச் செய்யுங்கள். அ–ஆ–இ என்று சங்கிலி நீண்டால் கடைசி ஏற்கப்பட்ட பெயருக்கு நேரடியாகச் சுருக்கிவிடுங்கள். ஒரு பெயரை இருமுறை தொட்டால் நிரல் நின்று எச்சரிக்க வேண்டும்.

கேள்வி: மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டுக்குத் தமிழ்ப் பெயரையே அடையாளமாக வைத்தால் இந்தத் தொல்லையெல்லாம் இல்லையே? – பஞ்சாயத்துப் பல்லுயிர் மேலாண்மைக் குழு உறுப்பினர், தென்காசி மாவட்டம்

பதில்: 'வேங்கை' என்று ஒரு வரி வந்தால் அது மரமா, புலியா? தமிழ்ப் பெயர் கட்டாயம் இருக்கட்டும். ஊர்ப்பெயர், சொன்னவர் ஊர் எல்லாம் தனிப் பத்தியில் இருந்தால் மதிப்பு கூடும். திறவுகோலாக மட்டும் வேண்டாம்.

கீழாநெல்லி நல்ல பாடம். நம் பழைய பதிவுகளில் அதற்கு ஃபிலாந்தஸ் நிரூரி என்று இருக்கும். உண்மையான நிரூரி அமெரிக்கக் கண்டத்துச் செடி. இங்கே அந்தப் பெயரால் குறித்தவை பெரும்பாலும் ஃபிலாந்தஸ் அமாரஸ். சில இடங்களில் டெபிலிஸ், ஃப்ரேடெர்னஸ். இது இணைப்பெயர் அல்ல, தவறாகச் சூட்டிய பெயர். 'நிரூரி = அமாரஸ்' என்று பொது அட்டவணையில் எழுதினால் பிரேசில் பதிவுகளும் அமாரஸாகும். 'இந்தப் பதிவில் நிரூரி என்று எழுதியது அமாரஸை' என்று பதிவு வாரியாகத்தான் எழுத வேண்டும். மாதிரி இல்லாத பதிவானால் 'ஃபிலாந்தஸ், கீழாநெல்லி வகை' என்று நிறுத்திக்கொள்வது நேர்மை.

கேள்வி: எந்தப் பட்டியலைத் தலைமையாக வைப்பது? – பலர்

பதில்: பூக்கும் தாவரத்துக்கு கியூ தோட்டத்தின் 'பிளாண்ட்ஸ் ஆஃப் தி வேர்ல்ட் ஆன்லைன்'. கடல் உயிர்களுக்கு வோர்ம்ஸ். மீனுக்கு எஷ்மேயர் பட்டியல். பறவைக்கு, பெரிய பட்டியல்களை ஒன்றாக்கி 2025இல் வந்த அவிலிஸ்ட். எதை எடுத்தாலும் பதிப்பையும் தரவிறக்கிய தேதியையும் எழுதுங்கள். ஓர் உயிர்க்குழுவுக்கு ஒரு பட்டியல்தான். பிடித்த பெயரை இங்கொன்று அங்கொன்று எடுத்தால் ஒரே பறவை பிரிந்தும் சேர்ந்தும் இருமுறை எண்ணப்படும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்ட அட்டவணையின் பெயர் பழையதாக இருந்தாலும் திருத்தாமல் தனிப் பத்தியில் வையுங்கள். அனுமதிக் கடிதத்தில் அதைத்தான் கேட்பார்கள்.

கேள்வி: 'முல்.ஆர்க்.' என்ற ஆசிரியர் பெயர் எங்கள் கோப்பில் குப்பை எழுத்தாகிவிட்டது. – மாணவி, நாகர்கோவில்

பதில்: அந்தப் பெயரில் 'யு' எழுத்தின் மேல் இரட்டைப் புள்ளி உண்டு. யுடிஎஃப்-8இல் சேமித்த சிஎஸ்வி கோப்பை எக்செலில் நேரடியாக இருமுறை சொடுக்கித் திறந்தால் இப்படி ஆகும். 'டேட்டா' பட்டியல் வழியாக இறக்குமதி செய்து, குறிமுறை யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுங்கள். கெட்ட கோப்பைச் சேமித்துவிட்டால் இந்த ஆசிரியர் பெயரைத் தாங்கிய ரப்பர் மரமும் கபிலப்பொடி மரமும் ஆசிரியர் பொருத்தத்தில் தோற்கும். இணையப் பக்கத்திலிருந்து ஒட்டிய பெயர்களில் உடையா இடைவெளி (சாதாரண இடைவெளி போலவே தெரியும் வேறொரு குறி) ஒளிந்திருக்கும். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரு பெயர்கள் பொருந்தாவிட்டால் முதலில் அதைத் தேடுங்கள்.

கேள்வி: இணைத்து முடித்ததும் சரியா என்று எப்படிப் பார்ப்பது? – திண்டுக்கல் வாசகியின் இரண்டாம் கேள்வி

பதில்: பதிவுகளின் எண்ணிக்கை முதலில். 2,140 + 1,365 = 3,505. பெயர்கள் குறையலாம், பதிவுகள் குறையக் கூடாது. ஒரே தாளின் இரட்டைப் பதிவு என்று நீக்கியிருந்தால் அவற்றின் எண் பட்டியலாக இருக்க வேண்டும். 3,505ஐ விடக் கூடியிருந்தால், ஒரு பழைய பெயர் இரண்டு புதிய பெயர்களோடு சேர்ந்து வரியைப் பெருக்கியிருக்கிறது. உண்ணிக்கொக்கு வகைச் சிக்கலை அங்கே தேடுங்கள். பிறகு ஒவ்வோர் ஏற்கப்பட்ட பெயரின் கீழும் எத்தனை மூலப்பெயர்கள் வந்து சேர்ந்தன என்று எண்ணி, அதிகம் சேர்ந்தவற்றை மேலே வரச் செய்து முதல் 50ஐப் படியுங்கள். தவறான இணைப்புகள் அங்கேதான் குவிந்திருக்கும். கடைசியாக, தானாகப் பொருந்தியவற்றிலிருந்து குலுக்கலாக 100 வரி எடுத்துத் தாளோடு ஒப்பிடுங்கள். அதில் மூன்று நான்கு தவறு வந்தாலே பொருத்த விதிகளை இறுக்கி மறுபடி ஓட்டுவது நல்லது. மூலப் பத்தியைப் பூட்டி வைத்திருந்தால் மறு ஓட்டம் ஒரு பிற்பகல் வேலைதான்.